ஞாயித்துக்கிழமை எழுதின வியாழக்கிழமை

எங்க மாமாவுக்கு எந்த வேலையையும் அந்தந்த நேரத்துல செய்யப் பிடிக்காது. சோம்பேறின்னு நினைச்சுடாதீங்க. சோம்பேறி இன்னைக்கு வேலையை நாளைக்குத் தள்ளுவான். இவர் நாளைக்கு வேலையை இன்னைக்கே முடிச்சு வச்சுட்டு, நாளை வந்து வாசல்ல நின்னா "உனக்கு இங்க என்ன வேலை"ன்னு கேக்குற ரகம்.

இருபத்திரண்டு வருஷமா டிரைவிங் ஸ்கூல்ல கார் ஓட்டக் கத்துக் கொடுக்குறார். எல்லாருக்கும் அவர் மாஸ்டர். எனக்கு அம்மாவோட தம்பி. காலேஜுக்குப் பக்கம்னு நான் அவர் வீட்டுலதான் தங்கியிருக்கேன், அதனால அவர் குரல் எனக்கு மனப்பாடம். வண்டிக்குள்ள அவர் கத்தவே மாட்டார். கார் நேரா ஒரு லாரியைப் பார்த்துப் போய்க்கிட்டிருக்கும். இவர் தூங்குற குழந்தையை எழுப்புற மாதிரி, "அம்மா... லேசா... இடது பக்கம்... அது லாரிம்மா... அதுக்கு நம்மளத் தெரியாது"ன்னு சொல்வார். சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவர் கால் அவர் பக்கத்து பிரேக்கை மிதிச்சிருக்கும்.

ஸ்கூல்ல ஒவ்வொரு ஸ்டூடண்டுக்கும் ரெஜிஸ்டர்ல ஒரு பக்கம். கிளாஸ் முடிஞ்சதும் அன்னைக்கு என்ன கத்துக்கிட்டாங்க, எப்படி ஓட்டினாங்கன்னு எழுதணும். மாமா சனிக்கிழமை சாயங்காலமே அடுத்த வாரம் முழுசையும் எழுதி முடிச்சுடுவார். "செவ்வாய்: ரிவர்ஸ். முன்னேற்றம் உண்டு." ஒரு தடவை ஒரு பேங்க் மேனேஜர் கால் உடைஞ்சு ஆஸ்பத்திரியில படுத்துட்டார். அந்த வாரம் அஞ்சு நாளும் அவருக்கு முன்னேற்றம். வெள்ளிக்கிழமைக்கு நேரா, "கிளட்ச் கால் நன்றாக உள்ளது." உடைஞ்சது அந்தக் கால்தான்.

இப்படிப்பட்ட மனுஷனுக்குக் குடல்ல கோளாறு வந்துச்சு. பெரிய ஆபரேஷன். குடலோட நுனியை வயித்துல வலது பக்கம் வெளியே கொண்டுவந்து தைச்சுட்டாங்க. அதுக்குப் பேரு ஸ்டோமா. அதைச் சுத்தித் தோல் மேல ஒரு பிளேட் ஒட்டணும், பிளேட்டோட ஒரு பை. போக வேண்டியது எல்லாம் அந்தப் பையில வந்து விழும், நிறைய நிறைய காலி பண்ணணும். இது இனிமே நிரந்தரம்னு டாக்டர் சொன்னதும் மாமா, "சரி, சைலன்சரை முன்பக்கம் மாத்திட்டாங்க, அவ்வளவுதானே"ன்னார். அன்னைலேர்ந்து அதுக்கு சைலன்சர்னே பேரு. பேருதான் அப்படி. விருந்தாளி வந்து உக்காந்தா போதும், பேச ஆரம்பிச்சுடும்.

இதுக்குன்னே தனி நர்ஸ் ஒருத்தங்க. சிஸ்டர்னு கூப்பிடுவோம். அவங்க ரெண்டு வார்த்தைக்கு நடுவுல ஒரு ஊசி போடுற நேரம் விடுவாங்க. "பிளேட்ல... ஓட்டை... நீங்களே வெட்டணும். ஸ்டோமாவை அட்டையால அளந்து... வரைஞ்சு... வெட்டணும். ஆரம்பத்துல வீங்கியிருக்கும்... வாரா வாரம் சுருங்கும். அதனால... வாரா வாரம் அளக்கணும்." மாமா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "அளக்கணும்" வரைக்கும் காதுல போச்சு. "வாரா வாரம்" ரோட்டுல இறங்கிடுச்சு.

வீட்டுக்கு வந்த அன்னைக்கே முப்பது பிளேட் இருந்த டப்பாவைப் பிரிச்சு, அத்தையோட கத்திரிக்கோலை எடுத்து, முப்பதுலயும் முப்பத்தஞ்சு மில்லிமீட்டர்ல ஓட்டை போட்டு அடுக்கிட்டார். "மூணு மாசத்துக்குக் கவலை இல்ல"ன்னு கையைத் தட்டிக்கிட்டார்.

சிஸ்டர் அவர் போன்ல ஒரு ஆப்பும் போட்டுக் கொடுத்திருந்தாங்க. தினம் சாயங்காலம் ஒரு பொம்பளைக் குரல், செய்தி வாசிக்கிற தமிழ்ல கேக்கும்: "இன்று பையை எத்தனை முறை காலி செய்தீர்கள்? கசிவு ஏற்பட்டதா? சுற்றியுள்ள தோல் எவ்வாறு உள்ளது?" பதிலை அழுத்தினா அது நேரா சிஸ்டரோட கம்ப்யூட்டருக்குப் போகும். மாமா அதுக்கு இன்ஸ்பெக்டர்னு பேரு வச்சார். லைசென்ஸ் டெஸ்டுக்குப் போற ஸ்டூடண்ட்ஸ்கிட்ட அவர் எப்பவும் சொல்றது ஒண்ணுதான்: "இன்ஸ்பெக்டர் கேட்டா பதில் சுருக்கமா இருக்கணும், நல்லதா இருக்கணும்." இங்கயும் அதே பாடம். தோல் எவ்வாறு உள்ளது? நன்று. கசிவு? இல்லை. வலி? இல்லை.

அதுல தேதி மாத்துற இடம் ஒண்ணு இருக்குன்னு கண்டுபிடிச்ச அன்னைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்கணும். அடுத்த ஞாயித்துக்கிழமை கால் மேல கால் போட்டு உக்காந்து, வர்ற சனி வரைக்கும் ஏழு நாளுக்கும் பதில் போட்டுட்டார். "ஏழு நாட்கள் தொடர்ந்து பதிவு செய்துள்ளீர்கள். வாழ்த்துகள்"னு ஆப்பும் ஒரு பச்சை நட்சத்திரம் கொடுத்துச்சு. நாள் வரல, நட்சத்திரம் வந்துடுச்சு.

இதெல்லாம் எதுக்குன்னா, அவருக்கு வண்டியில ஏறணும். வேற ஆசையே இல்ல. ஸ்கூல் ஓனரம்மா வந்து பார்த்துட்டுத் தெளிவா சொல்லிட்டாங்க.

"மாஸ்டர், ஒண்ணாம் தேதி வரைக்கும் பார்க்குறேன். வேலைக்குப் போகலாம்னு அந்த சிஸ்டர் லெட்டர் கொடுத்தா வண்டி உங்களுக்கு. இல்லேன்னா வண்டி ரேஸுக்கு, உங்களுக்கு ஆபீஸ்ல ஒரு டேபிள்."

ரேஸுங்கிறது மாமா இடத்துல தற்காலிகமா வந்த பையன். அவன்கிட்டக் கத்துக்கிட்டவங்க எல்லாம் மூணாவது நாளே நாலாவது கியர்ல போறாங்க, எப்படி நிறுத்துறதுன்னுதான் இன்னும் பாடம் வரலையாம்.

"டேபிளாம்" என்றார் மாமா, ஓனரம்மா போனதும். "இருபத்திரண்டு வருஷம் கழிச்சு, எங்கயும் போகாத ஒண்ணுல உக்காரச் சொல்றாங்க."

நட்சத்திரம் வாங்கின மறுநாள், திங்கக்கிழமை காலையில, ஒண்ணாம் தேதிக்குப் பதினாறு நாள் இருக்கும்போது, சிஸ்டர் போன் பண்ணினாங்க. மாமா ஷேவ் பண்ணிக்கிட்டிருந்ததால நான் ஸ்பீக்கர்ல போட்டேன்.

"சார்... வியாழக்கிழமை ஆறு தடவை பை காலி பண்ணியிருக்கீங்க."

"ஆமா சிஸ்டர். கரெக்டா ஆறு."

"கசிவு... இல்ல."

"சொட்டு கூட இல்ல சிஸ்டர்."

"இன்னைக்கு... திங்கக்கிழமை சார்."

மாமா கன்னத்துல சோப்பு நுரை அப்படியே நின்னுச்சு. ரேசர் நின்னுச்சு. கண்ணு மட்டும் என்னைப் பார்த்துச்சு, உதவி கேட்டு. நான் உதவுற ஜாதியா?

"உத்தேசமாப் போட்டது சிஸ்டர்" என்றார்.

அந்தப் பக்கம் ரெண்டு ஊசி போடுற நேரம் போச்சு. "இந்த ஆப் செஞ்சவங்க... இப்படி ஒருத்தர் வருவார்னு நினைக்கல சார். பிளேட்டைக் கழட்டி... இப்பவே ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க."

"இப்ப வெளிச்சம் சரியில்ல சிஸ்டர்."

"காலை பத்து மணி... சார்."

அப்பத்தான் அத்தை தையல் மெஷினை நிறுத்திட்டு எழுந்து வந்தாங்க. அத்தை ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிறவங்க. கழுத்துல டேப் தொங்கும், வாயில ரெண்டு ஊசி இருக்கும், ஊசியை எடுத்துட்டுப் பேசினா விஷயம் பெருசுன்னு அர்த்தம். எடுத்தாங்க.

"போட்டோ நான் எடுத்து அனுப்புறேன் சிஸ்டர். மூணு நாள் வர வேண்டிய பிளேட் தினம் ஒண்ணு குப்பையில கிடக்கு. கேட்டா சுத்தம் சோறு போடும்னு எனக்கே பழமொழி சொல்றார். பதினஞ்சு நாளா சோஃபாவுல ஒருக்களிச்சு உக்காந்துக்கிட்டு சோஃபா உறுத்துதுன்னு சோஃபா மேல பழி."

பாத்ரூம்ல நடந்தது எனக்குத் தெரியாது. சத்தம் மட்டும் கேட்டுச்சு. "மெதுவாடி... மெதுவாடி"ன்னு. அத்தை வெளியே வந்தப்ப முகம் மாறியிருந்துச்சு. தோல் ஸ்டோமாவைச் சுத்தி ஒரு வளையமா தக்காளிச் சிவப்புல வெந்து கிடந்துச்சாம். அட்டையை வச்சு அளந்தா ஸ்டோமா இருபத்தாறு மில்லிமீட்டர். பிளேட்ல ஓட்டை முப்பத்தஞ்சு. நடுவுல இருக்குற இடைவெளியில பையில விழ வேண்டியதெல்லாம் தோல்ல விழுந்து அரிச்சிருக்கு. மனுஷன் வலியைப் பல்லைக் கடிச்சுப் பொறுத்துக்கிட்டு, இன்ஸ்பெக்டர்கிட்ட "நன்று" போட்டுக்கிட்டிருந்திருக்கார்.

அத்தை டேபிள் மேல அடுக்கியிருந்த வெட்டின பிளேட்டை எல்லாம் பார்த்தாங்க. "ஏங்க, ஒரு பிள்ளைக்கு ஒண்ணாம் கிளாஸ்ல அளவு எடுத்து, பத்தாம் கிளாஸ் வரைக்கும் யூனிஃபார்ம் தைச்சு வச்சா என்னைச் செருப்பால அடிக்க மாட்டாங்க?"

"பிள்ளைங்க வளருதுங்க. இது சுருங்குது" என்றார் மாமா, மெதுவா.

"வாயும் கொஞ்சம் சுருங்கட்டும்."

சிஸ்டர் திரும்பக் கூப்பிட்டாங்க. தோல் ஆறணும். நாளைலேர்ந்து பதினாலு நாள், அந்தந்த நாளோட கணக்கை அந்தந்த நாள்லயே, உள்ளதை உள்ளபடி போடணும். தோல் ஆறினதும் ஒரு நாள் சீட் பெல்ட் போட்டு நாலு மணி நேரம் வண்டியில உக்காந்து காட்டணும். "அதையெல்லாம் பார்த்துட்டுத்தான்... லெட்டர் உண்டா இல்லையான்னு சொல்வேன்."

பதினாலு நாள். பதினஞ்சாவது நாள் சிஸ்டர். பதினாறாவது நாள் ஒண்ணாம் தேதி. விரல் விட்டு எண்ணினார், ஒரு நாள் கூட முன்கூட்டியே வாழ முடியாதுன்னு தெரிஞ்சுது.

அன்னைலேர்ந்து எங்க வீட்டுல நடந்த கூத்து இருக்கே. ஆப்ல "குறிப்புகள்"னு ஒரு கட்டம் இருக்கு. உண்மையை எழுதுன்னு சொன்னதும் மாமா அதுல இறங்கிட்டார். ஸ்டூடண்டைப் பத்தி எழுதுற அதே பாஷை. "காலை ஏழு மணி. சைலன்சர் ஒத்துழைத்தது. பதினொரு மணி. முன்னறிவிப்பின்றித் திரும்பியது. கண்ணாடி பார்க்கும் பழக்கம் இல்லை." இன்னொரு நாள், "விருந்தினர் முன்னிலையில் நீண்ட ஹாரன். கண்டித்தேன். பலனில்லை." சிஸ்டர் போன் பண்ணி, "சார்... நம்பர் மட்டும் போட்டா போதும்"னு கெஞ்சினாங்க. பின்னாடி வேற யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. அந்தக் குறிப்பை அங்க எல்லாரும் சேர்ந்து படிக்கிறாங்கன்னு தெரிஞ்சதும் மாமா இன்னும் நீளமா எழுதினார்.

ஆப் அவரை விடல. "மென்று சாப்பிடுங்கள்"னு சொல்லும். "மெல்லுறேன், மெல்லுறேன்" என்பார் வாய் நிறைய. "போதிய அளவு நீர் அருந்தினீர்களா?"ன்னு கேக்கும். "ரேடியேட்டரா நான்?" என்பார், ஆனா எழுந்து போய்க் குடிப்பார். அந்தக் குரலை நான் நல்லாப் பழகிட்டேன். ஒரு நாள் கதவுக்குப் பின்னாடி நின்னு, "பக்கத்தில் உள்ள வாழைப்பழத் தோலை எடுத்துக் குப்பையில் போடுங்கள்" என்றேன். எடுத்துப் போட்டுட்டு வந்து உக்காந்துட்டார். அரை நிமிஷம் கழிச்சுத்தான் கதவைப் பார்த்து, "ஒலிபெருக்கி, வெளிய வா" என்றார்.

புது பிளேட் வந்துச்சு. அளந்து அளந்து ஒண்ணொண்ணா வெட்டினார். அத்தை பக்கத்துல கத்திரிக்கோலுக்குக் காவல். பத்தாவது நாள் போட்டோவைப் பார்த்து சிஸ்டர், தோல் ஆறிடுச்சு, வண்டியில உக்காரலாம்னாங்க. ஓனரம்மாகிட்ட வண்டி கேட்டோம். திங்கக்கிழமைதான் வண்டி ஃப்ரீயாம். அதாவது பதினாலாவது நாள், கடைசி நாள்.

யாரு ஓட்டுறது? பணம் கட்டின ஸ்டூடண்டை வச்சுச் சோதனை பண்ண முடியாது. அங்கதான் ஒரு ரகசியம் வெளிய வந்துச்சு. ஸ்கூல் ஓனரம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அப்பா வச்சுட்டுப் போன ஸ்கூல், பத்து வருஷமா பஸ்ல வந்து நடத்துறாங்க. "நானே உக்காருறேன் மாஸ்டர், எனக்கும் ஒரு நாள் கத்துக்கணும்னுதான்"னாங்க, எங்கயோ பார்த்துக்கிட்டு.

ஓனரம்மா ஸ்டியரிங்ல, மாமா பக்கத்துல பெல்ட் போட்டு, நான் பின் சீட்டுல சாட்சி. மாமா பையில மாத்துத் துணி, பிளேட், பை, தண்ணி பாட்டில். முதல் ரெண்டு மணி நேரம் மைதானத்துல சுத்தினோம். ஓனரம்மாவுக்கு ஒரே ஒரு பெடல்தான் பிடிச்சிருந்துச்சு, பிரேக். காக்கா பறந்தா பிரேக். நிழல் விழுந்தா பிரேக். நிறுத்தி வச்சிருக்குற வண்டியிலயும் ஒரு பிரேக். ஒவ்வொரு தடவையும் சீட் பெல்ட் மாமா வயித்தைப் பிடிச்சு இறுக்கும்.

"அம்மா... லேசா... மிதிக்கணும். அது எறும்பு இல்லம்மா."

"லேசாத்தானே மிதிச்சேன் மாஸ்டர்."

"நம்ம பல்லு எல்லாம் இடம் மாறிடுச்சும்மா."

மூணாவது மணி நேரம் மெயின் ரோட்டுக்கு வந்தோம். எதிர்ல ஒரு பஸ், அது பாட்டுக்கு அது பக்கத்துல வருது. ஓனரம்மா அவங்க பிரேக்கை ரெண்டு காலாலயும் மிதிச்சாங்க. பெல்ட் இறுகுச்சு. மாமா பேச்சு நடுவுல நின்னுச்சு. பின்னாலேர்ந்து எனக்கு அவர் கழுத்துதான் தெரிஞ்சுது, வேர்த்துடுச்சு. கை மெதுவா சட்டைக்குக் கீழ போச்சு, உடனே திரும்பி வந்துச்சு.

"அம்மா" என்றார், அதே தூங்குற குழந்தைக் குரல்ல. "இண்டிகேட்டர் போட்டு, அந்த பெட்ரோல் பங்க்குக்குள்ள விடுங்க."

"பெட்ரோல் இருக்கே மாஸ்டர்."

"இருக்கட்டும்மா. உள்ள விடுங்க."

விட்டாங்க, குறுக்கா. பங்க்ல காத்தடிக்கிறவர் காத்துக் குழாயை விட்டுட்டு ஓடினார். மாமா பையைத் தூக்கிக்கிட்டு டாய்லெட்டுக்குப் போனார். நான் மணி பார்த்தேன். பதினோரு நிமிஷம். வேற பேண்ட்ல வந்து உக்காந்தார். ஓனரம்மா எதையும் கேக்காம கண்ணாடியைப் பார்த்துக்கிட்டிருந்தாங்க, அன்னைக்கு முதல் தடவையா.

மாமா போனை எடுத்தார். ஆப்பைத் திறந்தார். "கசிவு ஏற்பட்டதா?" குரல் கேட்டுச்சு. கீழ ரெண்டு பட்டன். ஆம். இல்லை.

பதிமூணு நாள் எதையும் மறைக்காம எழுதினார்தான், ஆனா அந்தப் பதிமூணு நாளும் வீட்டுல உக்காந்து எழுதினது. இது வண்டியில. வண்டியில கசியும்னு தெரிஞ்சா சிஸ்டர் எதுக்கு லெட்டர் கொடுக்கப் போறாங்க? நாளன்னைக்கு ஒண்ணாம் தேதி. ஓனரம்மாவுக்கும் விஷயம் தெரியாது. நான் மட்டும்தான் பின்னாடி. அவர் கட்டை விரல் "இல்லை" மேல போய் நின்னுச்சு. பங்க்ல ஒருத்தர் பெட்ரோல் போட்டு, காத்து அடிச்சு, கண்ணாடி துடைச்சுட்டுப் போற வரைக்கும் அங்கயே நின்னுச்சு. எனக்கு எத்தனையோ நக்கல் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ஒண்ணையும் விடல.

அப்புறம் விரல் நகர்ந்து "ஆம்" மேல விழுந்துச்சு. குறிப்புகள் கட்டத்துல எழுதினார். அன்னைக்கு நகைச்சுவை இல்ல. "பதினொன்று இருபதுக்குக் கசிந்தது. பெல்ட் அழுத்தியது. மாற்றிவிட்டேன்."

போனை வச்சுட்டு ஓனரம்மா பக்கம் திரும்பினார். "எனக்குப் பை கசிஞ்சிடுச்சும்மா. அதான் நிறுத்தினேன்."

ஓனரம்மா குனிஞ்சு பிரேக் பெடலைப் பார்த்தாங்க. "நான் பிரேக் போட்டதாலயா?"

"ஆமாம்மா."

"அவ்வளவு மோசமாவா ஓட்டுறேன்?"

"ஆமாம்மா" என்றார் மாமா. இருபத்திரண்டு வருஷத்துல ஓனர் வீட்டு ஆளுங்ககிட்ட அவர் சொன்ன முதல் நிஜம் அதுவாத்தான் இருக்கும். பாக்கி ஒன்றரை மணி நேரத்தையும் உக்காந்து முடிச்சார்.

மறுநாள் சிஸ்டர் ரூம். சின்ன ரூம், சுவத்துல குடல் படம், மேஜையில பிளாஸ்டிக் வயிறு ஒண்ணு. மாமா நாற்காலி நுனியில உக்காந்திருந்தார், கையை முட்டி மேல வச்சுக்கிட்டு. அத்தை பக்கத்துல, வாயில ஊசி இல்ல. சிஸ்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கிட்டே கேட்டாங்க.

"கசிஞ்சதும்... எத்தனை நிமிஷத்துல மாத்தினீங்க?"

"பதினொண்ணு."

"வண்டி?"

"நிறுத்தினோம். குறுக்கா. அது என் தப்பு இல்ல சிஸ்டர்."

"தோல்?"

"ராத்திரி பார்த்தேன். லேசா சிவந்திருக்கு. அதையும் எழுதியிருக்கேன்."

சிஸ்டர் எழுந்து வந்து அவங்களே பார்த்தாங்க. திரும்பிப் போய் உக்காந்து பேனாவை எடுத்தாங்க. "கசியாத பை... யார்கிட்டயும் இல்ல சார். கசிஞ்சா நீங்க நிறுத்துவீங்களா, இல்ல அப்படியே பல்லைக் கடிச்சு ஓட்டுவீங்களான்னு... எனக்குத் தெரிய வேண்டியிருந்துச்சு." எழுத ஆரம்பிச்சாங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கணும். பெல்ட்டுக்கும் பைக்கும் நடுவுல மெத்தை வைக்கணும். வாரா வாரம் அளக்கணும்.

"மெத்தை நான் தைச்சுடுறேன்" என்றாங்க அத்தை. டேப் ஏற்கனவே கைக்கு வந்திருந்துச்சு.

லெட்டர் கைக்கு வந்ததும் மாமா அதை மூணு தடவை படிச்சார். நாலாவது தடவை படிச்சது நாங்க பஸ்ல ஏறினப்புறம், சத்தமா.

ஒண்ணாம் தேதி காலையில சாவி கைக்கு வந்துச்சு. ரேஸ்தான் கொடுத்தான், நல்ல பையன்தான், "கிளட்ச்சைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க மாஸ்டர்"னு மட்டும் சொன்னான். பார்த்துக்க அங்க கிளட்ச்னு ஒண்ணும் மிச்சம் இல்ல. டேபிள் இப்ப ரேஸுக்கு.

முதல் ஸ்டூடண்ட் ஒரு பல் டாக்டர். ஊசி போடுற கைதான், ஆனா ஸ்டியரிங்கைத் தொட்டா நடுங்கும். மாமா பெல்ட் போட்டார், மெத்தையை இழுத்து விட்டார், சொன்னார்:

"டாக்டரம்மா, எனக்கு வயித்துல பை இருக்கு. பத்தரைக்கு ஒரு பெட்ரோல் பங்க்ல நிறுத்துவோம். நான் உள்ள போயிட்டு வர்ற வரைக்கும் நீங்க எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு சும்மா உக்காந்திருக்கணும். எதையும் தொடக் கூடாது."

"அது என்னால நல்லா முடியும் சார்" என்றாங்க பல் டாக்டர், நிம்மதியா. அன்னைக்கு அவங்க நல்லா செஞ்ச ஒரே பாடமும் அதுதான்னு மாமா சாயங்காலம் வந்து சொன்னார்.